கணினி எந்த இடத்தில் நின்றது?

மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலிருந்து பழுதுபார்ப்பவருக்குப் போகும் அழைப்புகளில் ‘சிஸ்டம் ஆன் ஆகலை’ என்ற ஒரே புகார்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது என்றாலும், விசையை அழுத்தியும் உள்ளிருக்கும் ஃபேன்கூடச் சுழலாத கணினிக்கும், ஃபேன் சுழன்றும் திரை கறுப்பாகவே நிற்கும் கணினிக்கும், விண்டோஸ் சின்னம் வரை வந்து திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே போய்விடும் கணினிக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. ஆகவே, அது எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிச் செலவு மிச்சம்.

ஃபேனே சுழலவில்லையென்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை என்று கொள்ளலாம். வீட்டு யு.பி.எஸ்.ஸின் பேட்டரி தேய்ந்துபோயிருப்பதே பல நேரங்களில் காரணமாக இருப்பதால், அதை விலக்கிவிட்டுக் கணினியை நேரே சுவர் பிளக்கில் இணைத்துப் பார்ப்பது முதல் சோதனை. அதற்கும் பலனில்லையெனில் ஐயம் எஸ்.எம்.பி.எஸ். மீது விழும்; 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி அது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், வீட்டில் யாரும் அதைத் திறக்கவே கூடாது. கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதே முறை.

ஃபேன் சுழன்றும் திரை விழிக்காத நிலைதான் கடலோரச் சென்னைக்கு நெருக்கமானது. மின்சாரம் வந்தவுடன், மதர்போர்டில் பதிந்துள்ள பயாஸ் எனும் தொடக்க நிரல் ரேம், திரை, விசைப்பலகை முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகே விண்டோஸை அழைக்கிறது. ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகம், அந்தச் சோதனையில் தேறாவிட்டால், ஸ்பீக்கர் உள்ள கணினி ‘பீப்’ என ஒலித்தும், இல்லாதது ஓசையின்றியும் அங்கேயே நின்றுவிடும். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கரையோரத் தெருக்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று, ரேமின் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் தூசியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. முலாம் தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள உலோகமும் களிம்பேறுகிறது. மின் இணைப்பைத் துண்டித்து, உடம்பின் நிலைமின்சாரம் இறங்க இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் மென்மையான பென்சில் ரப்பரால் தொடுமுனைகளை லேசாகத் துடைத்து, துகள்களை முற்றிலும் நீக்கி, ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். பார்ப்பதற்கு நாட்டு வைத்தியம் போலத் தோன்றினாலும், காரணம் தெரிந்து செய்யப்படும் சிகிச்சையே இது.

திரை விழித்தும், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், எஃப்1 விசையை அழுத்தும்படி கேட்டால், பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காக்கும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். சி.ஆர்.2032 என்ற அந்த வகை கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும்.

சின்னம் வரை வந்து திரும்பும் கணினியில் உறுப்புகள் பெரும்பாலும் நலமாக இருக்க, குறை மென்பொருளில் இருக்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவை அடுத்தடுத்துச் சில முறை தொடங்கத் தவறினால் தாமாகவே பழுதுநீக்கத் திரையைக் காட்டும். இன்றியமையாத நிரல்களை மட்டும் கொண்டு இயங்கும் ‘சேஃப் மோடு’ அதனுள்தான் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, அவற்றில் பலவற்றை மீட்ட வழியும் சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை நீக்குவதுதான்.

இவை எதுவும் பலிக்காதபோது ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்ற ஆலோசனை வரும். வட்டிலுள்ளவற்றை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவும் அந்த வேலையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். வட்டுக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீடும் தேவைப்படும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுவது நல்லது. நீரில் நனைந்த வட்டுக்கும் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் அடையாற்றின் கரையோரம் மற்ற இடங்களிலும் தரைத்தளங்கள் மூழ்கின. அப்படி நனைந்த ஹார்டு டிஸ்க்கை வெயிலில் காயவைக்கத்தான் எவருக்கும் தோன்றும் என்றாலும், சேறு உள்ளேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஈரத்தோடு பையிலிட்டு மூடி, மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பு வல்லுநரிடம் சேர்ப்பதே சரி.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கோ தி. நகர்க் கடைக்கோ கணினியைக் கொண்டுபோகிறவர்கள், எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பதை ரசீதில் எழுதி வாங்குவதோடு, பழைய ஹார்டு டிஸ்க்கையும் மறக்காமல் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பழுதான வட்டிலிருந்தும் வங்கிக் கணக்கு விவரங்களையும் ஆதார் நகல்களையும் பிறர் எடுத்துவிட முடியும்.