எவர்சில்வரில் ஏன் இந்த நீலம்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் செம்பாக்கத்தைக் கடக்கும்போது, வெல்டிங் பட்டறை வாசலில் புது எவர்சில்வர் கேட் ஒன்று கண்ணில் பட்டால் சற்று நின்று அதன் இணைப்புகளைப் பாருங்கள். பற்றவைத்த இடத்தை ஒட்டி நீலம், ஊதா, பழுப்பு, ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் என்று பட்டை பட்டையாக நிறங்கள் தெரியும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மழைக்காலம் போனால் அங்கேதான் முதலில் துருப்புள்ளிகள் தோன்றும். "மட்டமான எஃகைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்பார் வீட்டுக்காரர். எஃகு நல்லதாகவே இருக்கலாம்!

எவர்சில்வரைக் காப்பது குரோமியம். 304 என்னும் ரகத்தில் அது நூற்றுக்குச் சுமார் 18 பங்கு உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, மேற்பரப்பில் இரண்டு மூன்று நானோமீட்டர் கனமே உள்ள ஆக்சைடு படலமாகிறது. கண்ணுக்குத் தெரியாது, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும்.

வெல்டிங்கில் எஃகு 1400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி உருகுகிறது. அருகிலுள்ள பகுதி உருகாவிட்டாலும் பழுக்கக் காய்கிறது. அப்போது காற்றுப் பட்டால் படலம் பல மடங்கு தடித்துவிடும். மழைபெய்த சாலையில் எண்ணெய்த் துளி வானவில் காட்டுமே, அதே கதைதான்: படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. சாயம் எதுவும் அங்கே இல்லை.

சரி, படலம் தடிக்கக் குரோமியம் எங்கிருந்து வந்தது? அடியிலிருந்த எஃகிலிருந்துதான். ஆகவே நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று மிஞ்சுகிறது. மேலே தடித்த படலமோ நுண்துளைகள் கொண்டது. கடற்காற்றிலும் உப்பேறிய போர் தண்ணீரிலும் உள்ள குளோரைடு அதன் வழியே நுழைந்து, காவல் குறைந்த இடத்தில் குழி பறிக்கிறது.

அதனால் நிறத்தை மட்டும் லேசாகத் தேய்த்தெடுத்தால் போதாது. அந்த அடுக்கும் போகவேண்டும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னும் மோசம். இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். தொழிற்சாலைகளில் நைட்ரிக், ஹைட்ரோஃப்ளுவோரிக் அமிலக் கலவையால் இரண்டையும் கரைத்து, நீரில் நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். பிறகு காற்றுப் பட்டதும் புதிய படலம் தானே உண்டாகிறது. (ஹைட்ரோஃப்ளுவோரிக் அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை தாக்கும். பட்டறையில் அந்தப் பசை டப்பாவைக் கண்டால் தொடாதீர்கள்.)

நிறமே வராமல் தடுக்கவும் வழியுண்டு. பால், மருந்து செல்லும் குழாய்களைப் பற்றவைக்கும்போது உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பிக் காற்றை விரட்டிவிடுவார்கள். செம்பாக்கத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் கடற்கரையில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் எவர்சில்வரின் வெல்டிங்கும் அரிப்பும் பல்லாண்டுகளாக ஆராயப்படுகின்றன. அணு உலைக் கலத்தின் இணைப்பு, கேட்டின் இணைப்புப் போல் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டுத் திருத்தக்கூடியதல்லவே!