படத்தில் விழாத பக்கம்

மலைநாட்டுச் சாமான்கள் – 9

1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ படத்துக்குக் கதை எழுதியவர் தெளிவத்தை ஜோசப். ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் படம் காட்டியது தன் காலத்துத் தோட்டத்தை. கூடையையும் இடுப்பில் கட்டும் படங்கையும் தேடி அலைய வேண்டியதில்லை. லயத்து வாசலிலேயே கிடந்திருக்கும். 1920களின் பதுளையை இன்று படமாக்கப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. பழைய புகைப்படங்களை வைத்துத்தான் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

முதலில் அளவு. தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வந்த காலத்தில் தொழிலாளரின் கழுத்தில் தொங்கிய தகர வில்லையை எடுத்துக்கொள்வோம். படத்தில் அது ஒரு வெள்ளைப் பொட்டு. எத்தனை அங்குலம் என்று எப்படிச் சொல்வது? வளர்ந்த ஒருவரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இருக்கும். முகம் நேராகத் தெரிந்தால், அதை அளவுகோலாக வைத்து வில்லையின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். பெரிய சாமான்களுக்கு ரயில் பாதை உதவும். பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம். ஆனால் அளவுகோலும் அளக்கும் பொருளும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தேயிலைப் பெட்டி பத்தடி பின்னால் கிடந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

வில்லையின் எண் படத்தில் தெரியாது. அதற்காக வாய்க்கு வந்த எண்ணைப் பொறிக்கக் கூடாது. ஒரு மனுசனை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னதே அந்த எண்தான். மிஞ்சியிருக்கும் அசல் வில்லைகளைப் பார்த்தே செய்ய வேண்டும்.

நிறம்தான் அதிகம் ஏமாற்றும். அந்தக் காலத்துப் புகைப்படக் கண்ணாடித் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு உறைக்காது, நீலமோ வெளிறிவிடும். கறுப்பாகத் தெரியும் சேலை நல்ல சிவப்பாக இருந்திருக்கலாம். வெள்ளை என்று நாம் நினைப்பது இளநீலமாக இருந்திருக்கலாம். எங்கள் பாட்டிமாரை எல்லாம் கறுப்பிலும் சாம்பலிலும் உடுத்திவிடுவது பெரிய அநியாயம்.

காலமும் குழம்பக் கூடாது. ஜூலியா மார்கரெட் கமரன் 1870களின் பிற்பகுதியில் இலங்கையில் தமிழ்த் தொழிலாளரைப் படமெடுத்தார். அது கோப்பிக் காலம். தேயிலை வியாபாரி லிப்டன் ஹப்புத்தளையில் தோட்டம் வாங்கியதே 1890இல்தான். கமரன் எடுத்த முகங்கள் நமக்கு உதவும். கொழுந்துக்கூடை செய்ய அவை உதவா.

கூடைக்கு வருவோம். பெரும்பாலும் முன்னாலிருந்து எடுத்த படங்களே கிடைக்கின்றன. கயிறு தலைக்கு மேலே தெரியும். பின்னால் கூடையோடு எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்று தெரியாது. இதற்குக் கொழுந்தெடுத்து ஓய்ந்த பெண்களிடம்தான் போக வேண்டும். முடிச்சு, பின்னல், முதுகு உரசும் பக்கம் எப்படித் தேயும் என்பதெல்லாம் அவர்களுடைய கைக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளரைக் காட்டிய ‘பரதேசி’ படத்தின் உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. உடைக்குக் கிடைத்த அந்தக் கவனம் கூடைக்கும் கிடைக்க வேண்டும்.

கூடையை அச்சாகச் செய்து, வெறுமையாக நடிகையின் முதுகில் மாட்டினாலும் காரியம் கெட்டுவிடும். கயிறு தொய்யும், கழுத்து நிமிர்ந்தே நிற்கும், பார்க்கிற தோட்டத்துச் சனத்துக்கு உடனே விளங்கிவிடும். அடியில் ஈரச் சாக்கை வைத்து, மேலே நிசக் கொழுந்தைப் போட்டு, அந்தப் பாரத்தோடு அவரை மலை ஏற விட வேண்டும்.

(தொடரும்)