மறைபொருளும் தலைமுறைகளும்

பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா என்றொரு சிறு கட்டிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. 16ஆம் நூற்றாண்டினரான ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இது நினைவிடம் மட்டுமே.

ஆண்டகை முடி திருத்திக்கொண்டிருக்கையில் கைக்கண்ணாடியை வீசி, நடுக்கடலில் தத்தளித்த கப்பலின் ஓட்டையை அடைத்தார் என்பது வழிவழி வரும் கதை. கப்பலேறி வந்தவனுக்கு அது காவற்கதை. சூபி ஞானிகளோ உள்ளத்தைக் கண்ணாடி என்பர். மாசு நீங்கத் துலக்கினால் அதில் இறையொளி தோன்றும். அவ்வழி நின்று கேட்பவனுக்கு அக்கதையே வேறு பொருள் தரக்கூடும்.

யூதர்களின் கப்பாலா என்னும் மறைஞானமும் இவ்வாறு பல விளக்கங்களைக் கண்டதே. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட ‘சோஹர்’ கற்றோர்க்கும் கடினமானது. 16ஆம் நூற்றாண்டில் சாபெத் நகரில் ஐசக் லூரியா அம்மரபுக்குப் புது விளக்கம் தந்தார். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய ஹசிதியர் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பாமரரிடம் சேர்த்தனர்.

தமிழ் முஸ்லிம்கள் இதற்கு எத்தனையோ வடிவங்களைக் கையாண்டனர். 1572இல் தோன்றிய ‘ஆயிர மசலா’ வினா விடையாக அமைந்தது. அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் வினவ, நபிகள் நாயகம் விடையளிக்கிறார். குணங்குடி மஸ்தான் சாகிபு சித்தர் மொழியையே எடுத்துக்கொண்டு இறைவனை மனோன்மணி என்று அழைத்தார். துணிவான செயல்தான்! ஆனால் ஆசானின்றிப் படிப்பவன் அதைக் காதற்பாட்டு என்றே கொள்வான். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) ஆண்டகையின் வரலாற்றைச் செய்யுளில் புராணமாகப் பாடினார். பின்னர் ‘கன்ஜுல் கராமாத்து’ என உரைநடையிலும் தந்தார். பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்ற இதழை நடத்திய அவர், அச்சுநூலை வாங்குபவன் அருகில் ஆசான் இருக்கமாட்டான் என்பதை அறிந்திருப்பார். உரைநடையில் ஓசை குறைந்தது. வாசகர் வட்டமோ விரிந்தது.

சூலியா தெருவின் பழங்குடும்பத்தார் பலர்க்கு இன்று வீட்டுமொழி மலாய். தர்கா வழிபாட்டையே ஏற்காதாரும் அவர்களுள் உளர். ஏற்பவர்க்கும் பழம்பாட்டு விளங்குவதில்லை. மசலாவைப் பற்றிக் கவலையில்லை. அவ்வினா விடை மலாயிலும் ‘செரிபு மசாயில்’ என முன்பே வழங்கியது. மனோன்மணியின் நிலை வேறு. சித்தர் மரபை அறியாத பேரனுக்கு அந்தப் பெயரை விளக்க, முதலில் அவனுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும்.