வேலை இழந்தோர்க்கு உதவித்தொகை: துணைவர் சம்பாதித்தாலும் உண்டு



கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் சென்றால்தான் குடும்ப வண்டி ஓடும் என்ற நிலை இன்று நம்மில் பெரும்பாலோர் இல்லங்களில் உள்ளது. வீட்டுக் கடன், காருக்கான மாதத் தவணை, பிள்ளைகளின் கல்விச் செலவு யாவும் இரண்டு சம்பளங்களை நம்பியே அமைகின்றன. இந்நிலையில் தொழிற்சாலை மூடப்பட்டோ, ஆட்குறைப்பு நடந்தோ ஒருவர் வேலை இழந்தால் என்ன செய்வது?

"வீட்டுக்காரி வேலையில் இருக்கிறாளே, எனக்கு எதுவும் கிடைக்காது" என்று தாமாகவே முடிவு செய்து ஒதுங்கி விடுவோர் உண்டு. மனைவி வேலை இழந்தாலோ, "கணவர் சம்பாதிக்கிறாரே, நாம் போய்க் கேட்கலாமா?" என்ற கூச்சம் தடுக்கிறது. இவ்வெண்ணம் தவறானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலேசியாவில் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2017ஆம் ஆண்டின் 800ஆவது சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இதனை நிர்வகிப்பது சொக்சோ. இதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இது ஏழ்மை நிலையைப் பார்த்து வழங்கப்படும் உதவி அன்று. சந்தா செலுத்தியவர் பெறும் காப்புறுதி. ஆகவே, வேலை இழந்தவரின் சொந்தச் சந்தாவும் சம்பளமும்தான் கணக்கிடப்படுகின்றன. துணைவரின் சம்பளம் இதற்குத் தடையில்லை. இருவருமே வேலை இழக்க நேர்ந்தால், இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். 2023 முதல் வழங்கப்படும் ரஹ்மா ரொக்க உதவியில் குடும்பத்தின் மொத்த வருமானம் பார்க்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் குழப்பம் உண்டாகிறது.

கிடைக்கும் தொகை எவ்வளவு? திட்டம் தொடங்கியபோது சட்டம் வகுத்த அளவின்படி, வேலை தேடும் காலத்து உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு ஆகும். 2,000 வெள்ளி சம்பளம் வாங்கியவருக்கு முதல் மாதம் ஏறத்தாழ 1,600 வெள்ளியும், ஆறு மாதங்களில் மொத்தம் 5,400 வெள்ளியும் வரும். எத்தனை மாதங்களுக்குக் கிடைக்கும் என்பது சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்தது. முதன்முறை விண்ணப்பிப்பவர் முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதங்கள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.

துணைவரின் சம்பளம் தடையில்லை எனினும், வேறு சில தடைகள் உண்டு. தாமாகவே வேலையை விட்டவர், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், குறித்த கால ஒப்பந்தம் முடிந்தவர் ஆகியோருக்கு இத்தொகை இல்லை. அரசாங்க ஊழியர்களும் சொந்தத் தொழில் செய்வோரும் இத்திட்டத்தில் சேரார். ஆட்குறைப்பின்போது, "நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள்" என்று எவரேனும் கேட்டால் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். அந்த ஒரு தாளே உங்கள் உரிமையைப் பறித்துவிடக்கூடும். மாறாக, நிறுவனம் முன்வைக்கும் விருப்பப் பணிவிலகல் திட்டத்தை ஏற்று வெளியேறியவர் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலக்கெடு. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துணைவரின் சம்பளத்தில் முதல் இரண்டு மாதங்களைச் சமாளித்துவிட்டு, கையிருப்பு கரைந்த பின் ஓடுவோர்க்குக் கதவு மூடியிருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இப்படித்தான்.

அடையாளக் கார்டு, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தை நாடுங்கள். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை பெறும் காலத்தில் உண்மையாகவே வேலை தேடி, அதன் விவரங்களையும் அளித்து வர வேண்டும். முதலாளி தரவேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடு வேறு, இத்தொகை வேறு. 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் வரும் தொழிலாளி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியிருந்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு பெற உரிமையுள்ளவர்.

அன்பர்களே, பிறருக்கு வாரி வழங்கும் கைகள் நம்முடையவை. ஆயினும், நம் உழைப்பிலிருந்து பிடிக்கப்பட்ட பணத்தின் பயனைத் துன்பக் காலத்தில் கேட்டுப் பெறுவது யாசகம் ஆகாது. உங்கள் உறவிலோ அண்டை அயலிலோ எவரேனும் வேலை இழந்து, வெளியே சொல்லாமல் வாடினால், இந்த 60 நாள் கணக்கை இன்றே அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். காலத்தில் சொல்லும் ஒரு வார்த்தையும் தர்மமே.