கலியாணம் மருந்தாகுமா?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, ஒரு தாய் மட்டும் பின்தங்கி நின்றார். அவருடைய மகனுக்குக் கலியாணம் பேசி வந்திருந்தது. மகனுக்கு வலிப்பு வருத்தம். குளிசையை ஒழுங்காக எடுத்தால் குறைந்திருக்கும், விட்டால் வரும்.

"சொல்லாமல் விட்டால் என்ன பிள்ளை? கலியாணம் முடிஞ்சால் எல்லாம் சரியாகும் எண்டுதான் எங்கட சனமும் சொல்லுது. வருத்தத்தைச் சொன்னால் ஆர் பொம்பிளை தருவினம்?" என்று கேட்டார்.

"வாற பிள்ளைக்குத் தெரிய வேணுமெல்லோ அம்மா" என்று மட்டுமே அன்று என்னால் சொல்ல முடிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, சமூகவியல் படித்த காலத்தில் அறிந்த ஒரு பழைய சீனக் கதை நினைவுக்கு வந்தது. அடுத்த கூட்டத்தில் அதனைச் சொன்னேன். பெண்கள் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு நெடுநேரம் கதைத்தார்கள். அந்தக் கதையை இங்கே உங்களுடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நோயை விரட்டும் மங்கலம்

மன்னராட்சிக் காலச் சீனாவில் கலியாணம் என்பது பெற்றோரின் கட்டளையாலும் தரகரின் வார்த்தையாலும் நடப்பது. மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது பெரும்பாலும் மணநாளன்றுதான். பரிசம் கைமாறிய பின்னர் பெண் வீட்டார் பின்வாங்க முடியாது. மிங் அரச வம்சத்தின் சட்டப்படி, பரிசம் வாங்கிவிட்டு மறுத்தால் பெண் வீட்டுத் தலைவருக்கு 50 அடிகள் தண்டனை.

இந்த அமைப்புக்குள் 'சொங்சி' என்றொரு வழக்கம் இருந்தது. மங்கலத்தைக் கொண்டு கேட்டை மோதி விரட்டுதல் என்பது அதன் கருத்து. மாப்பிள்ளை கடும் நோயில் விழுந்தால், பேசி வைத்த பெண்ணை அவசரமாக வீட்டுக்கு அழைத்து மேளதாளத்துடன் கலியாணத்தை நடத்துவார்கள். வீட்டுக்குள் வரும் சந்தோசம் நோயைத் துரத்திவிடும் என்பது நம்பிக்கை. வைத்தியர் கொடுக்கும் மருந்து ஒன்று. மணப்பெண் இன்னொரு மருந்து.

மருந்து வேலை செய்யாவிட்டால்? அந்தப் பெண் விதவை. மறுமணம் சட்டத்தால் தடுக்கப்படவில்லை. ஆனால் மறுமணம் செய்யாதிருப்பதே கௌரவம் என்று அரசே ஊக்குவித்தது. 30 வயதுக்கு முன் விதவையாகி, 50 வயது கடந்தும் தனித்து வாழ்ந்த பெண்களை மதித்து, அவர்களின் குடும்பத்தைக் கட்டாய உழைப்பிலிருந்து விடுவிக்கும் ஆணை மிங் ஆட்சி தொடங்கிய 1368ஆம் ஆண்டிலேயே வந்தது. ஒரு பெண்ணின் தனிமையால் முழு வீட்டுக்கும் சலுகை கிடைத்தது.

ஆண் மணப்பெண்ணும் பெண் மாப்பிள்ளையும்

சுச்சோ நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஃபெங் மெங்லோங் 1627ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில் இந்தக் கதை வருகின்றது. அந்தத் தொகுப்பிலுள்ள 40 கதைகளில் இது எட்டாவது. சம்பவம் அதற்கும் முந்திய சொங் அரச காலத்தில், ஹாங்சோ நகரில் நடப்பதாகச் சொல்லப்படுகின்றது.

லியூ என்பவர் வைத்தியக் குடும்பத்தவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு, சுன் என்ற விதவைத் தாயின் மகளைப் பேசியிருந்தார்கள். கலியாணத்துக்கு நாள் குறித்த பின்னர் மகன் கடும் நோயில் விழுந்தான். தகப்பன் கலியாணத்தைப் பிற்போடலாம் என்றார். தாய் மறுத்துவிட்டாள். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கலியாணச் சந்தோசத்தில் மகன் எழும்பினால் நல்லது. எழும்பாவிட்டால், மருமகளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்து, கொடுத்த பரிசத்தைத் திரும்ப எடுக்கலாம். பிற்போட்டு, மகனும் இறந்துவிட்டால் ஆளும் போய்க் காசும் போய்விடும். இந்தக் கணக்கில் வருகிற பெண்ணின் வாழ்க்கைக்கு ஓர் இடமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அயலவர் ஒருவர் மூலம் விசயம் சுன் அம்மாவின் காதுக்கு எட்டியது. கணவனை இழந்து, தனித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். வதந்தியை அப்படியே நம்பவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. உண்மையை அறிய வீட்டுப் பணிப்பெண்ணை அனுப்பினார். அவளால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மழுப்பலான பதில்தான் கிடைத்தது.

மறுத்தால் வழக்கு, அனுப்பினால் மகள் விதவையாகலாம். சுன் அம்மா மூன்றாவது வழியொன்றைக் கண்டார். மகளைப் போலவே முகச்சாயல் கொண்ட மகன் யூலாங்கை மணப்பெண்ணாக அலங்கரித்து அனுப்பினார். மூன்று நாள் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு ஆண் உடுப்பும் பெட்டியில் வைக்கப்பட்டது. ஒரு காதில்தான் துளை இருந்தது. மற்றக் காதில் புண் என்று சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். பெண்களின் பாதங்களைச் சிறு வயதிலேயே இறுகக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் இருந்த சமூகம் அது. ஆகவே பெரிய பாதத்தை நிலம் தொடும் பாவாடையால் மறைத்தார்கள்.

அங்கே மாப்பிள்ளையால் எழும்பக்கூட முடியவில்லை. அவனுக்குப் பதிலாக அவனுடைய தங்கை ஹுய்நியாங்கை நிறுத்திச் சடங்கைச் செய்தார்கள். மணப்பெண்ணாக ஓர் ஆண். மாப்பிள்ளையாக ஒரு பெண். இரண்டு வீடும் ஒன்றையொன்று ஏமாற்றிய போலிக் கலியாணம் அது. இந்த இடத்தில்தான் எங்கள் பெண்கள் சிரித்தார்கள்.

அன்றிரவு, "மருமகள் தனியே இருக்கக்கூடாது, துணைக்குப் படு" என்று தாய் தன் மகளையே அந்த அறைக்குள் அனுப்பினாள். கதை இதனைக் காதலாகச் சொல்கின்றது. ஆனால் ஹுய்நியாங் பெண் துணை என்று நம்பித்தான் அந்த அறைக்குள் போனாள் என்பதை நாம் மறக்கக்கூடாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பொய்யும் வந்து விழுந்தது, ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளையின் மேல்தான். விசயம் வெளியே வந்தபோது தாயின் ஏச்சும் அடியும் அவளுக்கே.

ஹுய்நியாங்கை ஏற்கெனவே ஒரு மருந்துக் கடைக்காரரின் மகனுக்குப் பேசியிருந்தார்கள். அவர்கள் கொதித்தெழ, வழக்கு நீதவான் சியாவோவிடம் போனது. அவர் ஹுய்நியாங்கின் விருப்பத்தை நேரே கேட்டார். யூலாங்கையே கட்டுவேன் என்று அவள் சொன்னாள். அப்படியே தீர்ப்பானது. நோய் தேறிவந்த மகனுக்குச் சுன் அம்மாவின் மகள். பெண்ணை இழந்த மருந்துக் கடை வீட்டுக்கு, யூலாங்குக்குப் பேசியிருந்த வென்கே என்ற பெண். எல்லோரும் கைதட்டியதாகக் கதை முடிகின்றது. பொருளுக்குப் பொருள் ஈடு கொடுப்பதுபோல வேறு வீட்டுக்கு மாற்றப்பட்ட வென்கேயின் விருப்பம் மட்டும் கணக்கில் வரவில்லை.

நீதவான் இல்லாத வீடு

எல்லாப் போலிக் கலியாணமும் கைதட்டலில் முடிவதில்லை. 1791ஆம் ஆண்டு முதன்முதலாக முழுமையாக அச்சான 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற புகழ்பெற்ற சீன நாவலிலும் இதே வழக்கம் வருகின்றது. முதல் 80 அத்தியாயங்களை எழுதியவர் சாவ் சுவேசின். கலியாணம் வருவது அதற்குப் பின்னால் உள்ள பகுதியில்.

பெரிய வீட்டு மகன் பாவ்யூ, பிறக்கும்போதே கொண்டுவந்த பச்சைக்கல்லைத் தொலைத்துப் புத்தி பேதலித்துக் கிடக்கிறான். கலியாணம் செய்து வைத்தால் தெளியும் என்று பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். அவன் மனதில் இருப்பவள் தாய் தகப்பனை இழந்து அந்த வீட்டில் வளரும் தாய்யூ. ஆனால் அவள் நோயாளி. பெரியவர்கள் விரும்புவது பாவ்ச்சாய் என்ற உறவுக்காரப் பெண்ணை. வீட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த சிஃபெங் என்ற மருமகள் ஒரு தந்திரம் சொல்கிறாள்: தாய்யூவைக் கட்டிவைப்பதாகப் பாவ்யூவிடம் சொல்லி, முகத்திரைக்குள் பாவ்ச்சாயை நிறுத்துவது. நம்ப வைப்பதற்காகத் தாய்யூவின் வேலைக்காரப் பிள்ளையையே மணப்பெண்ணின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

உண்மையை ஒரு வெகுளியான பணிப்பெண்ணின் வாயால் அறிந்த தாய்யூ, தான் எழுதிய கவிதைகளை நெருப்பில் போடுகிறாள். கலியாணம் நடக்கும் அதே வேளையில் அவள் உயிர் பிரிகின்றது. திரையை விலக்கிய பாவ்யூவின் வருத்தம் மாறவில்லை, கூடியது. பாவ்ச்சாயோ தன்னை வேறொருத்தி என்று நம்பியவனுக்கு மனைவியானாள். ஒரு மருந்தின் பெயரால் மூன்று இளம் உயிர்கள் வதைபட்டன.

சட்டம் என்ன சொன்னது?

அக்காலச் சீனாவில் இதற்குச் சட்டமே இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1397இல் இறுதி வடிவம் பெற்ற மிங் சட்டக்கோவை, நிச்சயம் செய்யும் தொடக்கத்திலேயே நோய், உடற்குறை போன்றவற்றை இரு வீட்டாரும் தெளிவாக அறிவிக்க வேண்டும், அதன் பின்னரே விருப்பப்படி முடிவெடுக்க வேண்டும் என்று கூறியது. ஆளை மாற்றி ஏமாற்றினால் பெண் வீட்டுக்கு 80 அடிகள். மாப்பிள்ளை வீட்டுக்கு அதைவிட ஒரு படி கூடிய தண்டனை. கொடுத்த பரிசமும் திரும்பாது.

ஆனால் 'விருப்பம்' என்று அந்தச் சட்டம் சொன்னது வீடுகளின் விருப்பத்தை. அத்துடன், நிச்சயத்துக்குப் பின்னர் வரும் நோய்க்கு அந்த விதி பெரிதாக உதவவில்லை. 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம்தான் பெற்றோர் வற்புறுத்தி நடத்தும் கலியாணத்தைச் சீனாவில் ஒழித்து, மணமக்களின் சம்மதத்தை அடிப்படையாக்கியது. 2021 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள குடியியல் சட்டக்கோவை இன்னும் ஒரு படி போனது. கடும் நோயுள்ளவர் பதிவுக்கு முன் மற்றவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால், அறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்தத் திருமணத்தை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இதில் நான் முக்கியமாகக் காண்பது ஒன்று. நோயாளி கலியாணம் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்கின்றது.

சகோதரிகளே, யுத்தம் எங்களில் எத்தனையோ பேருக்கு உடம்பிலும் மனதிலும் காயங்களைத் தந்துவிட்டது. காலை இழந்தவரை அறிந்தே கைப்பிடித்த பெண்களை நான் சந்தித்திருக்கின்றேன். நித்திரையில் அலறும் கணவனைப் பொறுமையோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் பெண்களையும் அறிவேன். அவர்கள் அறிந்து எடுத்த முடிவு அது. அதனால்தான் அவர்களால் தாங்க முடிகின்றது. மறைத்துக் கட்டிவைத்தால், வலிப்பு வரும்போது என்ன செய்வதென்றும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. குளிசையை நிறுத்தக்கூடாது என்பதும் தெரியாது. ஒளித்துக் குளிசை போட முடியாமல் மாப்பிள்ளையே அதனை விட்டுவிடக்கூடும். மறைப்பு நோயாளிக்கும் கேடுதான்.

நோய் குற்றமல்ல. வருகிறவளின் தெரிவைப் பறிப்பதே குற்றம். பெண்ணைப் பெற்றவர்களும் சுன் அம்மாவிடம் ஒன்றைக் கற்கலாம். அவருடைய ஆள்மாறாட்டத்தை அல்ல. தரகரின் பேச்சோடு நிற்காமல் தானே விசாரித்தாரே, அதனை.

அந்தத் தாய் கதை சொன்ன கூட்டத்துக்கும் வந்திருந்தார். சிரித்தவர்களோடு சேர்ந்து அவர் சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"சொல்லிப்போட்டன் பிள்ளை. மகனே கூட வந்து தன்ர வாயாலை சொன்னவன். அவையள் யோசிச்சுச் சொல்லுறம் எண்டவை."

"அந்தப் பிள்ளை என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"என்ன குளிசை எடுக்கிறவர் எண்டு கேட்டவ" என்றார்.

இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கப்போகிறவள் எல்லாம் அறிந்தவளாக இருக்கிறாள்.