கடைசித் தகடு!

உங்கள் கையில் ஒரு கேமரா. எதிரே பிரமாண்டமான மலை. ஆனால், ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும். அது சரியாக வராவிட்டால் அவ்வளவுதான்! என்ன செய்வீர்கள் குட்டீஸ்?

இப்படி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டவர், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். அன்று தான் கற்றதையே பிற்காலத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

காலை வாரிய மரக்கட்டை

1916ம் ஆண்டு. ஆன்சலுக்கு 14 வயது. கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போனான். அங்கே அவனுக்கு ஒரு சின்னப் பெட்டிக் கேமரா பரிசாகக் கிடைத்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் 'ஹாப் டோம்' என்று ஒரு பாறை மலை உண்டு. பெரிய உருண்டையைப் பாதியாக வெட்டி நிறுத்தியது போல இருக்கும். அதைப் படமெடுக்க, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை மீது ஏறினான் ஆன்சல். உளுத்த கட்டை பொலபொலவென்று நொறுங்கியது. தலைகுப்புற விழும்போதே விரல் பட்டனை அமுக்கிவிட்டது. படத்தில் மலை தலைகீழாக இருந்தது!

மிச்சம் இரண்டு!

1927ம் ஆண்டு, ஏப்ரல் 10. இப்போது ஆன்சலுக்கு 25 வயது. அதே மலையைப் படமெடுக்க நண்பர்கள் நால்வருடன் பனியில் ஏறினார். முதுகில் சுமார் 18 கிலோ சுமை. அவரது கேமராவுக்குக் கண்ணாடித் தகடுகள் தேவை. ஒரு தகட்டில் ஒரு படம்தான் எடுக்கலாம். கொண்டுபோன 12 தகடுகளில் பெரும்பாலானவை வழியிலேயே தீர்ந்துவிட்டன. மலையின் செங்குத்துச் சுவருக்கு எதிரே வந்து நின்றபோது மிச்சமிருந்தவை இரண்டே இரண்டு!

வெயில் பாறை மீது படரும் வரை காத்திருந்தார். லென்ஸில் மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி முதல் படத்தை எடுத்தார். எடுத்ததுமே அவருக்குச் சந்தேகம். 'இதில் வானம் வெளிறித்தானே தெரியும்? இந்தப் பாறையைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் பிரமிப்பு படத்தில் வராதே!'

கடைசித் தகடு. இம்முறை அடர்சிவப்பு வடிகட்டி. சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது. அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலவானம் கருமையாகிவிடும். உள்ளே வரும் வெளிச்சமும் குறையும் என்பதால், 5 விநாடிகள் ஒளியை விட்டார். பிறகு கழுவிப் பார்த்தால்... இருண்ட வானத்தின் முன்னே கம்பீரமாக நின்றது பாறை! 'மோனோலித்' என்ற அந்தப் படம் உலகப்புகழ் பெற்றது.

கூரையில்லாத வகுப்பு

அதே யோசெமிட்டியில் 1940ம் ஆண்டு புகைப்படப் பயிற்சி முகாம் நடத்தினார் ஆன்சல். 1955 முதல் 1981 வரை ஆண்டுதோறும் முகாம் நடந்தது. அவர் சொன்ன முக்கியமான பாடம் இதுதான்: பட்டனை அழுத்தும் முன்பே, முடிந்த படத்தை மனக்கண்ணில் பார்த்துவிட வேண்டும்.

இன்றும் பல நாடுகளில் சிறு குழுக்களாக இத்தகைய பயிற்சிகள் நடக்கின்றன. விடியும் முன்பே கிளம்பி, வெளிச்சத்துக்காகக் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் எதிரே இருப்பது ஒரே மலைதான். ஆனால், ஒருவர் மேகத்தைப் பிடிப்பார். இன்னொருவர் அடிவாரத்துப் புல்லில் பனித்துளியைப் பிடிப்பார். பிறகு படங்களை வரிசையாக வைத்து, 'இதை ஏன் இப்படி எடுத்தாய்?' என்று பேசுவார்கள். தன் கண்ணில் படாதது அடுத்தவர் படத்தில் இருக்கும்!

கேமராவே வேண்டாம்!

நீங்களும் இதைப் பழகலாம். ஒரு பெரிய அட்டையின் நடுவே 5 அங்குல நீளம், 4 அங்குல அகலத்துக்குச் சதுரமாய் இல்லாமல் செவ்வகமாக வெட்டி எடுங்கள். ஆன்சலும் இப்படிப்பட்ட அட்டையைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். ஒரு கண்ணை மூடி, அந்தத் துவாரம் வழியே பாருங்கள். கண்ணுக்கு அருகே வைத்தால் பரந்த காட்சி. கையை நீட்டிப் பிடித்தால் சிறு பகுதி மட்டும்.

நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து, பெரியவர் ஒருவர் துணையோடு குளக்கரைக்கோ வயல்வெளிக்கோ போங்கள். ஆளுக்கொரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் பார்த்த இடத்தையே மாலையிலும் பாருங்கள். நிழல்கள் இடம் மாறியிருக்கும்! ஆனால், சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது.

செல்போனில் நூறு படம் எடுக்கலாம்தான். ஒருநாள் மட்டும், 'இதுதான் என் கடைசித் தகடு' என்று நினைத்து ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்களேன்.

அதற்காக மரக்கட்டையில் ஏறிவிடாதீர்கள் குட்டீஸ்!