துறைமுகத்துக்கு அண்மையில் குடியிருப்போரும் அணுகுண்டு அபாயமும்

நம் ஊராகிய சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு ஆறேழு கிலோமீற்றர் தூரமே உண்டு. பெரும் யுத்தக் கப்பல்களும் தங்கத்தக்க ஆழமுடைய அப்பட்டினத்தின் இயற்கைத் துறைமுகத்தை 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கின என்பதும், பிரித்தானியர் அங்கிருந்த தம் கடற்படைத் தளத்தை 1957இலேதான் விட்டகன்றனர் என்பதும், இந்து சமுத்திரத்தைச் சமாதானப் பிராந்தியமாகப் பிரகடனம் செய்யும்படி நம் இலங்கைத் தேசம் எழுப்பிய கோரிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1971இல் ஏற்றுக்கொண்டது என்பதும் சரித்திரம் அறிந்தவை. ஆயினும், அத்தகைய துறைமுகமொன்றின்மேல் அணுகுண்டு விழுமாயின் ஆறேழு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை நம் ஜனங்களுக்கு எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. "குண்டு விழுந்தால் எல்லாரும் சாம்பல்தான்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று என்பதோடு, பிழைக்கக்கூடியவர்களின் பிராணனையும் போக்கிவிடத்தக்க அறியாமையுமாகும்.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவுக்கு மேலே, ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்தில் வெடித்த குண்டு சுமார் 15,000 தொன் வெடிமருந்தின் வலிமையுடையது. அதன் நேர்கீழிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் திறந்தவெளியில் நின்றவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். இரண்டு கிலோமீற்றர் வரையில் மரவீடுகள் சரிந்து தீக்கிரையாயின. மூன்றரை கிலோமீற்றர் தூரத்திலும் வெறுஞ்சருமத்தில் தீப்புண் உண்டாயிற்று. அந்த ஆண்டின் இறுதிக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று கணிக்கப்படுகிறது. இவ்வளவு சர்வநாசத்தின் நடுவிலும், நேர்கீழிலிருந்து 170 மீற்றர் தூரமேயிருந்த ஒரு கொங்கிரீற்றுக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அக்கணம் நின்ற ஒருவர் உயிர் தப்பிப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். தூரம் எவ்வளவு முக்கியமோ, நமக்கும் வெடிப்புக்கும் இடையில் நிற்கும் சுவரும் மண்ணும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

அதே வலிமையுள்ள குண்டு திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் வெடித்ததாகக் கொண்டால், கோட்டையும் கடைத்தெருவும் அடங்கிய பட்டினத்தின் பெரும்பகுதி அழிவின் எல்லைக்குள் அகப்படும். சாம்பல்தீவின் வீடுகளோ பெரும்பாலும் நிற்கும், கண்ணாடிகள் மட்டும் ஆங்காங்கே சிதறும். இக்காலத்து ஆயுதங்களில் பல அதனினும் ஏழெட்டு மடங்கோ மேலுமோ வலியவை. ஒரு இலட்சம் தொன் வலிமையுள்ள குண்டாயின் ஏழு கிலோமீற்றரில் வெளியே நிற்பவனின் தோல் கன்றும், ஓடுகளும் கண்ணாடிகளும் பறக்கும்; பத்து இலட்சம் தொன் என்னும் பேராயுதமாயின், நம் வீடுகளே இடிந்து விழுவதோடு சரீரத்தைச் சுடும் உஷ்ணமும் நம்மைத் தாண்டிச் செல்லும்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஒளி அக்கணமே வந்துவிடும். அதிர்ச்சியலையோ ஏறத்தாழ ஒலியின் வேகத்திலேயே நகர்வதாதலால், நம்மை அடைய இருபது விநாடியளவு செல்லும். வானம் திடீரென வெண்மையாகப் பளிச்சிட்டதைக் கண்டு, அதென்னவென்று யன்னலண்டை ஓடுவது மனித சுபாவம். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது காயமுற்ற ஆயிரத்து ஐந்நூறு பேரளவினரில் மிகப் பலரைப் புண்படுத்தியது, அப்படிப் பார்க்கப் போனவர்கள் முன்னே நொறுங்கிய கண்ணாடிதான். ஆகவே, ஒளியைக் கண்டவுடன் அதை நோக்காமல் முகங்குப்புறத் தரையில் படுத்து, கைகளை உடலின் கீழ் மறைத்து, சத்தமும் காற்றும் கடந்துபோகும்வரை எழாதிருப்பதே உயிர்காக்கும் செயல். சுனாமிக்காக ஒத்திகை செய்யும் பாடசாலைகள் இதையும் ஒருமுறை செய்துபார்ப்பதில் செலவென்று ஒன்றுமில்லை.

அதற்குப் பின்னரே கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தொடங்குகிறது. குண்டு உயரத்தில் வெடித்தால் கதிரியக்கத் தூசி அருகே குறைவாகவே விழும். துறைமுக நீரிலோ தரையிலோ வெடித்தால், நீரும் சேறும் மேலெழுந்து நச்சு மழையாகக் காற்றின் வழியே இறங்கும். 1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த குண்டின் தூசி, அபாய எல்லையென அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெண்ணிறமாகப் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர், ஒருவர் அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். கடலை நம்பி வாழும் நம் ஊரார் மறக்கலாகாத சம்பவம் இது. கச்சான் காற்றின் காலத்தில் தூசி பெரும்பாலும் கடலை நோக்கிச் செல்லக்கூடும். வாடைக் காலத்தில் உள்நாட்டுக்குள் செல்லக்கூடும். மேல்வானத்துக் காற்று வேறு திசையில் வீசுவதும் உண்டாதலால், கைக்கு உணரும் காற்றை மட்டும் நம்பிப் படகை விடுவது தகாது.

இந்தத் தூசியின் வீரியம் விரைவில் தணிவது ஒரு பெரும் அநுகூலம்: வெடித்து ஒரு மணி கழித்திருந்த அளவு ஏழு மணியில் பத்திலொன்றாகவும், இரண்டு நாளில் நூறிலொன்றாகவும் குறைகிறது. எனவே முதல் இரண்டு நாள் வீட்டுக்குள், கூரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் இயன்றவரை விலகியிருப்பதே சிறந்த பரிகாரம். ஓடும் தகரமும் கதிர்களை அதிகம் தடுப்பதில்லையாதலால், அருகே மாடியுள்ள கொங்கிரீற்றுக் கட்டடம் இருந்து, தூசி விழுமுன் அங்கே சேரவும் முடியுமாயின், அதன் கீழ்த்தளத்து நடு அறை மேலானது. வெளியிலிருந்து வந்தவர் உடுப்பைக் களைந்து பையிலிட்டு ஒதுக்கி, சவர்க்காரமிட்டுக் குளித்தாலே ஒட்டிய தூசியின் பெரும்பகுதி போய்விடும். கிணற்றை மூடிவையுங்கள். அயடீன் மாத்திரை கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை மட்டுமே காப்பது. வைத்திய அதிகாரிகள் சொல்லும்போது, சொல்லும் அளவில் மட்டும் உட்கொள்ளத்தக்கது. கதிர்பட்டவர் குளித்து உடைமாற்றிய பின் மற்றவர்க்கு நோயைத் தொற்றவைப்பதில்லை. ஜப்பானில் தப்பிப் பிழைத்தவர்கள் கலியாணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்பட்ட அநீதிக்கு நம்மிடையே இடமிருத்தலாகாது.

இனி உரிமை என்னும் விஷயத்துக்கு வருவோம். சர்வதேச நீதிமன்றம் 1996இல் அணுவாயுதம் பற்றிக் கருத்துரைத்தபோது, எந்தச் சூழ்நிலையிலும் அதன் உபயோகம் சட்டவிரோதமே என்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் வீரமந்திரி நம் நாட்டவர். அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு வைத்தியமும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அதன் ஆறாம் பிரிவு அரசின்மேல் சுமத்துகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கம் பலர்க்குத் தெரியும். ஆனால், கதிரியக்க அவசர நிலைக்கென இம்மாவட்டத்தில் திட்டம் உண்டா, எந்தக் கட்டடங்கள் புகலிடமாகக் குறிக்கப்பட்டுள்ளன, அயடீன் மாத்திரை எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்பன தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர்? இவற்றை எழுத்தில் கேட்டறியும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரஜைக்கும் தந்திருக்கிறது. மீனவர் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, பாடசாலைப் பெற்றோரோ இந்தக் கேள்விகளை ஒரு கடதாசியில் தமிழிலேயே எழுதி மாவட்டச் செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கையளியுங்கள். கிடைத்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க அவர் சட்டப்படி கடமைப்பட்டவர்.